கண்ணுக்குள் இரண்டாம் திரை

"புரை" என்பது தமிழில் பழமையான சொல். உட்டுளை என்றும் குற்றம் என்றும் அது பொருள் தந்து நிற்கும். வள்ளுவர் வாய்மை அதிகாரத்தில் இதனைக் குற்றம் என்னும் பொருளிலேயே ஆண்டிருக்கிறார். புண்ணிலே புரை, கண்ணிலே புரை என மக்கள் வழக்கிலும் இச்சொல் ஊன்றி நிற்கிறது. கண்ணின் உள்ளே இயற்கையாக அமைந்த வில்லை, ஒளியை ஊடுருவ விடும் தன்மையை இழந்து மங்கிப்போவதையே நாம் கண்புரை என்கிறோம்.

இந்நாளில் கண்புரை கண்டு அஞ்சுவார் குறைவு. மங்கிய வில்லையை நீக்கிவிட்டு அவ்விடத்தில் செயற்கை வில்லையைப் பொருத்தும் அறுவை, அரை மணிக்குள் முடிந்துவிடும் எளிய செயலாகிவிட்டது. காலையில் சென்ற முதியவர் மாலையில் வீடு திரும்புகிறார். ஆனால் ஆண்டுகள் சில கழிந்தபின் அவர்களுள் ஒரு சாரார், "புரை திரும்பவும் வந்துவிட்டது" என்று கூறக் கேட்கிறோம். இக்கூற்று செலாயாங்கிலும் கிள்ளானிலும் எழுவது போலவே மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் எழுகிறது.

இக்கூற்று பொருந்தாது. வெளியே எடுத்து எறியப்பட்ட வில்லை மீண்டும் கண்ணுக்குள் வந்து மங்குவதற்கு வழியில்லை. வந்திருப்பது வேறொன்று. அவ்வேறொன்றும் இரு வகைப்படும். ஒன்று, செயற்கை வில்லையைத் தாங்கி நிற்கும் இயற்கைப் பை மங்குவது. மற்றொன்று, செயற்கை வில்லையே மங்குவது. இரண்டிற்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. முன்னதற்குச் செய்யும் மருத்துவத்தைப் பின்னதற்குச் செய்தால் பயனில்லாது போவதோடு, பின்னர்ச் செய்ய வேண்டிய அறுவைக்கும் இடையூறு விளையும். இவ்விரண்டையும் பிரித்தறிய மருத்துவ உலகிற்கு அரை நூற்றாண்டு தேவைப்பட்டது. தோல்விகளை மறைக்காமல் எழுதி வைத்தவர்களாலேயே அந்த அறிவு கிட்டியது என்பதை இக்கட்டுரை எடுத்துக்காட்ட முயல்கிறது.

முன்னோர் கண்ட புரை

புரைக்கு அறுவை செய்யும் முறை இந்திய மண்ணில் மிகப் பழமையானது. சுசுருதரின் மருத்துவ நூல் இலிங்கநாசம் என்னும் கண்ணோயைக் கூறி, அதற்கு ஊசி கொண்டு செய்யும் அறுவையை விரித்துரைக்கிறது. கண்ணின் வெண்பகுதி வழியே கூரிய கருவியைச் செலுத்தி, மங்கிய வில்லையைப் பாவையின் வழியிலிருந்து விலக்கிக் கண்ணின் உட்புறத்தே தள்ளிவிடுவது அம்முறை. சித்த மருத்துவமும் கண்ணோய்கள் தொண்ணூற்றாறு எனக் கணக்கிட்டு, படலம் என்றும் காசம் என்றும் அவற்றை வகைப்படுத்தியது. மறைப்பது எது, எந்த இடத்தில் மறைக்கிறது என்று பார்த்துப் பெயரிடும் பழக்கம் நம் முன்னோரிடம் இருந்தது என்பதற்கு இப்பெயர்களே சான்று.

தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் கண் மருத்துவத்தில் தனி ஈடுபாடு கொண்டவர். அவர் காலத்துக் கண்ணோயாளர் குறிப்புகள், நோயுற்ற கண்களின் வண்ண ஓவியங்களுடன், தஞ்சைச் சரசுவதி மகால் நூலகத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளன. நோயாளியின் நிலை, செய்த மருத்துவம், அதன் விளைவு ஆகியவற்றை வரிசையாகக் குறித்து வைக்கும் ஒழுங்கு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே தமிழகத்தில் இருந்தது.

1819-ஆம் ஆண்டு சென்னையில் கண் மருத்துவமனை ஒன்று தோன்றியது. இலண்டன் மூர்பீல்ட்ஸ் மருத்துவமனைக்கு அடுத்தபடியாக உலகில் கண்ணுக்கெனவே எழுந்த மிகப் பழைய நிலையங்களுள் அது ஒன்று. பின்னாளில் எழும்பூரில் நிலைபெற்ற அம்மருத்துவமனையின் தலைவராக இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பணியாற்றியவர் இராபர்ட் என்றி எலியட். ஊர் ஊராகச் சென்று ஊசியால் புரை தள்ளிய நாட்டு வைத்தியர்களிடம் மருத்துவம் பெற்றுப் பின்னர்ப் பார்வை இழந்தவர்கள் அவரிடம் திரளாக வந்தனர். அவர் அவர்களுக்கு மருத்துவம் செய்ததோடு நில்லாமல், கெட்டுப்போய் அகற்றப்பட்ட கண்களைச் சேகரித்து, வெட்டி, உள்ளே நிகழ்ந்தது என்ன என்று ஆராய்ந்தார். அவ்வாராய்ச்சியை 1917-இல் இலண்டனில் சொற்பொழிவுகளாக வழங்கினார். தோற்றுப்போன கண்ணையே ஆசானாகக் கொண்ட அந்தச் சென்னை முறை, எழுபது எண்பது ஆண்டுகளுக்குப் பின் செயற்கை வில்லையின் வரலாற்றில் மீண்டும் தலைகாட்டுவதை நாம் காணப்போகிறோம்.

மேலைநாட்டில் பிரெஞ்சு மருத்துவர் சாக் தவியேல் 1747-இல் புரையைத் தள்ளிவிடாமல் வெளியே எடுக்கும் முறையைக் கையாண்டார். தள்ளுவதைக் காட்டிலும் எடுப்பது சிறந்தது என்பது படிப்படியாக நிலைநாட்டப்பட்டது. எனினும் எடுத்தபின் கண் வில்லையற்ற கண்ணாயிற்று. அக்குறையை ஈடு செய்யத் தடித்த கண்ணாடி அணிய வேண்டியிருந்தது. சோடாபுட்டிக் கண்ணாடி என்று நம்மவர் எள்ளிய அதே கண்ணாடிதான். அதன் வழியே பொருள்கள் பெருத்துத் தோன்றும். பக்கப் பார்வை சிதையும். படியிறங்கக் கால் தடுமாறும். புரை நீங்கியும் பார்வை முழுமை பெறவில்லை.

ஒரு மாணவரின் கேள்வி

1940-ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில் பிரித்தானிய வான்படை வீரர் கார்டன் கிளீவர் ஓட்டிச் சென்ற போர் விமானம் தாக்கப்பட்டது. விமான ஓட்டியின் தலைக்கு மேல் கவிந்திருந்த பெர்ஸ்பெக்ஸ் என்னும் பிளாஸ்டிக் கூடு நொறுங்கி, அதன் துணுக்குகள் அவர் கண்களில் பாய்ந்தன. அவருக்கு மருத்துவம் செய்தவர்களுள் ஒருவர் இலண்டன் கண் மருத்துவர் நிக்கோலசு அரால்டு இலாயிட் ரிட்லி (1906–2001). இரும்புத் துணுக்கு கண்ணுக்குள் தங்கினால் அழற்சி மூளும். ஆனால் இந்தப் பிளாஸ்டிக் துணுக்குகள் ஆண்டுக்கணக்கில் கிடந்தும் கண் அவற்றைப் பகைத்துக் கொள்ளவில்லை. இதனை ரிட்லி உற்று நோக்கி மனத்தில் இருத்திக் கொண்டார்.

போர் முடிந்தபின் ஒருநாள் அவர் புரை அறுவை செய்வதை ஒரு மருத்துவ மாணவர் உடனிருந்து கண்டார். மங்கிய வில்லையை எடுத்துவிட்டீர்கள். அதற்கு மாற்றாக நல்ல வில்லை ஒன்றை வைக்க முடியாதது வருந்தத்தக்கது என்னும் கருத்துப்பட அம்மாணவர் பேசினார். பழகிப்போன ஆசிரியரின் கண்ணுக்குப் புலப்படாத வெற்றிடம் புதியவரின் கண்ணுக்குப் புலப்பட்டது. மாணவர் கேள்விகளைத் தட்டிக் கழிக்காத ஆசிரியர்க்கு உலகம் எவ்வளவு கடன்பட்டிருக்கிறது என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

ரிட்லி, ரேய்னர் நிறுவனத்தைச் சேர்ந்த ஒளியியல் அறிஞர் ஜான் பைக்கின் துணையுடன் பெர்ஸ்பெக்ஸ் வகைப் பிளாஸ்டிக்கில் வில்லை ஒன்றை உருவாக்கினார். 1949-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் நாள், இலண்டன் செயின்ட் தாமசு மருத்துவமனையில் அதனை ஒரு பெண்மணியின் கண்ணில் முதன்முதலாக வைத்துப் பார்த்தார். 1950 பிப்ரவரித் திங்களில் அது நிலையாகப் பொருத்தப்பட்டது. வில்லையின் ஆற்றல் தேவைக்கு மிக அதிகமாக அமைந்துவிட்டதால் அப்பெண்மணி கடுமையான கிட்டப்பார்வைக்கு ஆளானார். என்றாலும் கண் அந்த வில்லையை ஏற்றுக்கொண்டது.

1951-இல் ஆக்சுபோர்டில் நடந்த கண் மருத்துவர் மாநாட்டில் ரிட்லி தம் பணியை வெளியிட்டபோது வாழ்த்தினும் வசையே மிகுதியாக எழுந்தது. கண்ணிலிருந்து அயற்பொருளை எடுப்பதன்றோ மருத்துவர் கடமை. அயற்பொருளை உள்ளே வைப்பது தகுமோ என்று அக்காலப் பெரியோர் சினந்தனர். அவர்கள் அச்சத்தில் ஓரளவு உண்மையும் இருந்தது. முதல் வில்லைகள் கனத்தவை, இடம் பெயர்ந்தன, சில கண்களில் அழற்சி மூண்டது. ரிட்லி அம்முறையைப் பின்னர்க் கைவிட நேர்ந்தது. ஆனால் பிறர் அதனைத் திருத்தித் திருத்தி வளர்த்தனர். 2000-ஆம் ஆண்டில், தமது தொண்ணூறுகளில், அவருக்குச் 'சர்' பட்டம் கிட்டியது. அதற்குள் அவருடைய கண்களிலேயே செயற்கை வில்லைகள் பொருத்தப்பட்டிருந்தன.

பை மங்கும் விதம்

இயற்கை வில்லை ஒரு மெல்லிய பையினுள் அடங்கியிருக்கிறது. இன்றைய அறுவையில் பையின் முன்சுவரை வட்டமாகத் திறந்து, உள்ளிருக்கும் மங்கிய பகுதியை அகற்றி, பின்சுவரை அப்படியே விட்டுவைத்து, அந்தப் பைக்குள் செயற்கை வில்லையை அமர்த்துகிறார்கள். பின்சுவரின் தடிப்பு ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் சில கூறுகளே. கண்ணின் பின்பாகத்திலுள்ள கூழ்மப் பொருள் முன்னே வராமல் காக்கும் அரண் அது.

அறுவை எவ்வளவு செம்மையாக நடந்தாலும், பையின் ஓரத்தில் உயிரணுக்கள் சில ஒட்டிக்கொண்டு தங்கிவிடும். புதிய வில்லைநார்களை ஆக்குவது அவற்றின் இயல்பான தொழில். வில்லை போனபின்பும் அவை தம் தொழிலை விடுவதில்லை. பெருகிப் பின்சுவரை நோக்கி நகர்கின்றன. சில இடங்களில் முத்துகளைப் போல் திரள்கின்றன. சில இடங்களில் நாராகிச் சுவரைச் சுருக்குகின்றன. அம்முத்துகளுக்குக் கண் மருத்துவர் எல்ஷ்னிக்கின் பெயர் இட்டு வழங்குகின்றனர். நகர்ந்து வரும் அணுக்கள் பாவையின் நேர்வழியை அடையும்போது பார்வை மங்குகிறது. விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தோன்றுகிறது, வெயிலில் கண் கூசுகிறது, எழுத்து கலங்குகிறது. சில திங்களிலும் இது நேரலாம். பல ஆண்டு கழித்தும் நேரலாம். குழந்தைகளின் உயிரணுக்கள் துடிப்பு மிக்கவையாதலால் அவர்களிடத்தில் இது பெரிதும் நேர்கிறது.

இதனைப் பை மங்கல் என்று நாம் அழைக்கலாம். இது எவ்வளவு பரவலானது? அதுவரை வெளிவந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்து 1998-இல் வெளியிடப்பட்ட கணக்கொன்று, அறுவை முடிந்த ஓராண்டில் நூற்றுக்கு 12 கண்களிலும், மூன்றாண்டில் 21 கண்களிலும், ஐந்தாண்டில் 28 கண்களிலும் பை மங்கல் நேர்ந்ததாகக் காட்டியது. நான்கில் ஒருவர்க்கு மேல் இரண்டாம் திரை விழுந்தது என்பது சிறிய செய்தியன்று.

முற்காலத்தில் மங்கிய பையைத் திறக்க மீண்டும் கண்ணுக்குள் கருவி செலுத்த வேண்டியிருந்தது. 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பாரிசு நகரில் தனியேல் அரோன்-ரோசா அம்மையாரும், சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் பிரான்சு பாங்கௌசரும் தனித்தனியே லேசர் ஒளியை இதற்குப் பயன்படுத்தினர். யாக் லேசர் எனப்படும் அவ்வொளி, கண் இமைக்கும் நேரத்தில் கோடியிற் சிறு பகுதியே நீடிக்கும் துடிப்புகளாகப் பின்சுவரின்மீது குவிந்து அதில் ஒரு சாளரத்தைத் திறக்கிறது. கத்தி இல்லை, தையல் இல்லை, சில நிமிடங்களில் வேலை முடிகிறது. கண்ணழுத்தம் உயர்தல், அரிதாக விழித்திரை விலகல் ஆகிய இடர்கள் உண்டெனினும், பை மங்கலுக்கு இதனினும் எளிய மருந்து இன்றுவரை இல்லை.

ஆயினும் லேசர்க் கருவி விலையுயர்ந்தது, நகரங்களிலேயே இருப்பது. சிற்றூரில் ஒருமுறை அறுவை பெற்றவர் மீண்டும் நகருக்கு வருவார் என்பதற்கு உறுதியில்லை. எனவே நோய் வராமல் தடுப்பதே சிறப்பு. தடுக்கும் வழி வில்லையின் ஓரத்தில் கிடைத்தது. 1990-களில் பரவிய ஒருவகை அக்ரிலிக் வில்லைகளைப் பொருத்திய கண்களில் பை மங்கல் குறைவாக இருக்கக் கண்டனர். பொருளின் தன்மையே காரணம் என முதலில் எண்ணினர். சப்பானின் ஒசாகா நகரைச் சேர்ந்த நிஷி முதலியோர் ஆராய்ந்து, வில்லையின் விளிம்பு உருண்டையாக இல்லாமல் கூரிய சதுரமாக இருந்ததே பெருங்காரணம் எனக் காட்டினர். சதுர விளிம்பு பின்சுவரை அழுத்தி ஒரு மடிப்பை உண்டாக்குகிறது. நகர்ந்து வரும் அணுக்கள் அம்மடிப்பைத் தாண்ட இயலாமல் அங்கேயே நின்றுவிடுகின்றன. வயலுக்குள் வெள்ளம் வாராதபடி வரப்பை உயர்த்துவது போன்றது இது.

இங்கே தமிழர் பெருமிதம் கொள்ளத்தக்க ஒரு பகுதி இருக்கிறது. மூட்டுவாதத்தால் விரல்கள் வளைந்துபோன நிலையிலும் கத்தி பிடித்துப் பல்லாயிரம் கண்களைத் திறந்த மருத்துவர் கோவிந்தப்ப வேங்கடசாமி (1918–2006), அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். செயற்கை வில்லை அப்போது மேலைநாட்டிலிருந்து வந்தது. ஒன்றின் விலை நூறு டாலருக்கும் மேல். ஏழைக்கு அது எட்டாக்கனி. 1992-இல் அவ்வமைப்பு மதுரையிலேயே ஆரோலேப் என்னும் தொழிற்கூடத்தை நிறுவித் தானே வில்லை செய்யத் தொடங்கியது. விலை பத்து டாலர் அளவிற்கு இறங்கியது. பின்னர் அதற்கும் கீழே சென்றது. மலிந்த பிளாஸ்டிக் வில்லைக்கும் சதுர விளிம்பு அமைக்கலாமே என எண்ணி, அவ்வாறு செய்த வில்லைகளை உருண்டை விளிம்புடையவற்றோடு ஒப்பிட்டு ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்தனர். சதுர விளிம்புடையவற்றில் பை மங்கல் குறைந்திருந்தது. விலை குறைந்த வில்லையும் தரத்தில் தாழ வேண்டியதில்லை என்பதை எழுதி வைத்த கணக்கினாலேயே மெய்ப்பித்தார்கள்.

வில்லையே மங்கியபோது

இதுவரை நாம் கண்டது வில்லையின் பின்னே விழும் திரை. வில்லையே திரையாவது வேறு கதை.

1967-இல் அமெரிக்க மருத்துவர் சார்லசு கெல்மன், கேளா ஒலியதிர்வால் புரையை நொறுக்கி உறிஞ்சி எடுக்கும் முறையைக் கண்டார். இதனால் அறுவையின் வாய் மிகச் சிறிதாயிற்று. வாய் சிறிதானால் வில்லையும் மடங்கக்கூடியதாக இருக்க வேண்டும். 1980-களின் நடுவிலிருந்து சிலிக்கோனிலும், பின்னர் அக்ரிலிக்கிலும் மடங்கும் வில்லைகள் வந்தன. அவற்றுள் ஒருவகை நீரைத் தன்னுள் ஏற்கும் இயல்பினது. மென்மையானது, மடிக்க எளியது, கண்ணோடு இணங்குவது எனப் போற்றப்பட்டது. ஆனால் நீர் புகும் இடத்தில் நீரில் கரைந்த உப்பும் புகும் அன்றோ?

1990-களின் இறுதியில், ஹைட்ரோவியூ என்னும் பெயருடைய நீரேற்கும் வில்லையைப் பொருத்திக்கொண்ட சிலருக்கு இரண்டாண்டு அளவில் பார்வை மங்கத் தொடங்கியது. செய்தி ஒரு நாட்டோடு நிற்கவில்லை. ஹாங்காங் உட்படப் பல இடங்களிலிருந்து வந்தது. மங்கிய வில்லைகளைக் கண்ணிலிருந்து எடுத்து ஆராய்ந்தபோது அவற்றின் மேற்பரப்பில் மணல் தூவியது போன்று கால்சியம் பாசுபேட்டுப் படிவுகள் காணப்பட்டன. எலும்பும் பல்லும் எதனால் ஆனவையோ அதே இனத்து உப்பு, கண்ணுக்குள் வில்லையின்மீது படிந்திருந்தது.

காரணம் தேடியவர்கள் கடைசியில் வந்து சேர்ந்த இடம் வியப்புக்குரியது. வில்லையை அடைத்து வைத்த புட்டியின் வாயில் இருந்த அடைப்பு வளையம் சிலிக்கோனால் ஆனது. அதிலிருந்து நுண்ணிய அளவில் சிலிக்கோன் கசிந்து வில்லையின் பரப்பில் படிந்தது. அதன்மேல் கண்நீர்மத்திலுள்ள கொழுப்பமிலங்கள் ஒட்டின. அவற்றைக் கால்சியம் நாடி வந்தது. புட்டியின் அடைப்பு மாற்றப்பட்டது. அறுவை செய்தவர் கையிலும் குற்றமில்லை. நோயாளி உடம்பிலும் குற்றமில்லை. உறையில் இருந்த சிறு வளையம் கண்ணைக் கெடுத்தது.

ஏறத்தாழ அதே காலத்தில் வேறு சில நீரேற்கும் வில்லைகளும் மங்கின. சிலவற்றில் படிவு மேற்பரப்பில் இல்லாமல் உள்ளுடம்பிலேயே பரவியிருந்தது. கருவிழி மாற்று அறுவையிலும் விழித்திரை அறுவையிலும் கண்ணுக்குள் காற்றோ வளியோ செலுத்தும்போது இவ்வகை வில்லைகளின் நடுப்பகுதியில் சுண்ணப் படிவு தோன்றக்கூடும் என்பதும் பின்னர் அறியப்பட்டது. பழுதற்றது எனக் கருதப்பட்ட பழைய பிளாஸ்டிக் வில்லையும் இதற்கு விலக்கன்று. 1980-களிலும் 1990-களின் தொடக்கத்திலும் பொருத்தப்பட்ட சில வில்லைகளுக்குள், பத்தாண்டுக்கு மேல் கழிந்தபின், பனித்துகள் போன்ற வெண்புள்ளிகள் தோன்றின. ஞாயிற்றின் புறஊதாக் கதிர்கள் நெடுங்காலம் பட்டதே காரணமாகலாம் என ஆய்வாளர் கருதினர்.

இவற்றையெல்லாம் வெளிக்கொணர்ந்தவர்களுள் முதன்மையானவர் அமெரிக்க மருத்துவர் தேவிட் ஆப்பிள் (1941–2011). பல நாட்டு மருத்துவர்களும் தோற்றுப்போய்க் கழற்றிய வில்லைகளை அவருடைய ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பி வைத்தனர். இறந்தவர் கொடையாக அளித்த கண்களும் வந்து சேர்ந்தன. ஆயிரக்கணக்கில் திரண்ட அவற்றைப் பகுத்து, எவ்வகை வில்லை எவ்வாறு கெடுகிறது என்று அவர் எழுதி வைத்தார். ரிட்லியின் வாழ்க்கையை நூலாக எழுதி அவரை உலகம் மீண்டும் போற்றச் செய்தவரும் இவரே. சென்னையில் எலியட் சேர்த்து வைத்த கண்களையும் அமெரிக்காவில் ஆப்பிள் சேர்த்து வைத்த வில்லைகளையும் ஒருங்கு வைத்து எண்ணினால், இரண்டும் ஒரே அறத்தின் இரு வடிவங்கள் என்பது விளங்கும்.

பிரித்தறியாமையின் கேடு இங்கேதான் புலப்படும். வில்லை மங்கலைப் பை மங்கல் எனக் கருதிவிட்டால் யாக் லேசர் கொண்டு பின்சுவரில் சாளரம் திறந்துவிடுவர். மங்கியது வில்லையாதலால் பார்வை தெளிவதில்லை. வில்லையை மாற்றுவதே வழி என்பது பின்னர் அறியப்படும்போது அரணாக நின்ற பின்சுவர் திறந்து கிடக்கும். பின்னுள்ள கூழ்மம் முன்னே வரும். புதிய வில்லையை அமர்த்தப் பை பயன்படாது. எளிதாய் முடிந்திருக்க வேண்டிய அறுவை இடர் நிறைந்ததாகிவிடும். இத்தகைய நிகழ்ச்சிகள் பல நாடுகளில் பதிவாகியுள்ளன. ஒரு பெயர் மாறினால் ஒரு கண் இடருறும் என்பது மிகைக் கூற்றன்று.

செலாயாங்கின் ஏடு

மலேசிய நாட்டில் கண்ணொளி இழந்தோர்க்கான தொண்டு நெடிய வரலாறு உடையது. 1951-இல் தோன்றிய பார்வையற்றோர் சங்கம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்சில் நிலைகொண்டு, அப்பகுதிக்கே ஒரு தனி முகத்தைத் தந்தது. 1996-இல் நடந்த தேசியக் கண் ஆய்வு, மக்களுள் நூற்றுக்கு 0.29 பங்கினர் இரு கண்ணும் பார்வையற்றோர் என்றும், 2.44 பங்கினர் குறைபார்வையினர் என்றும் கணக்கிட்டது. பார்வை இழப்பிற்குரிய காரணங்களுள் கண்புரையே முதலிடம் பெற்றது. தீர்க்கக்கூடிய நோயே தலையாய காரணமாக இருந்தது என்பது நாட்டிற்கு ஓர் எச்சரிக்கை.

அந்த ஆய்வு நடந்த மூன்றாண்டில், 1999-இல், பத்துமலைக்கு அண்மையில் செலாயாங் மருத்துவமனை தன் பணியைத் தொடங்கியது. நோயாளியின் குறிப்புகளைத் தாளில் எழுதாமல் முழுவதும் கணினியில் பதிவு செய்த முன்னோடி அரசு மருத்துவமனை அது. சுண்ணாம்புப் பாறையும் முருகன் கோயிலும் மொத்தச் சந்தையும் சூழ்ந்த அவ்வட்டாரத்தில், தோட்டங்களிலிருந்து பெயர்ந்து வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களும் பல.

அம்மருத்துவமனையின் கண் துறையோடு இணைந்து வளர்ந்ததே கண்புரை அறுவைப் பதிவேடு. 2002-ஆம் ஆண்டு சுகாதார அமைச்சின் மருத்துவமனைகளில் தொடங்கப்பட்ட இப்பதிவேடு, பின்னர்த் தேசியக் கண் தரவுத்தளத்தின் ஓர் அங்கமாயிற்று. செலாயாங் கண் துறையைச் சார்ந்த டாக்டர் கோ பிக் பின் இப்பணியில் முன்னின்றவர். எவ்வகை அறுவை, எவ்வகை வில்லை, அறுவையின்போது நேர்ந்த இடர் என்ன, பின்னர்ப் பார்வை எந்த அளவு தெளிந்தது ஆகியவை ஒவ்வொரு கண்ணுக்கும் குறிக்கப்படுகின்றன. பதிவேடு தொடங்கிய ஆண்டில் பாதிக்கும் குறைவான கண்களுக்கே ஒலியதிர்வு முறையில் அறுவை நடந்தது. பத்தாண்டிற்குள் அது நான்கில் மூன்று பங்கைத் தாண்டியது. இம்மாற்றத்தை நாம் உறுதியாகச் சொல்ல முடிவது அந்த ஏடு இருப்பதனாலேதான். மருத்துவர் தம் இடர்களைத் தாமே எழுதிப் பிறர் அறிய வைப்பது எளிதான செயலன்று. அதற்குத் துணிவு வேண்டும்.

ஆனால் ஏட்டிற்கும் ஓர் எல்லை உண்டு. அறுவைக்குப் பின் பன்னிரண்டு வாரம் வரையுள்ள பார்வை நிலையையே அது பெரிதும் குறிக்கிறது. அறுவையின் செம்மையை அளக்க அக்காலம் போதும். பையும் வில்லையும் மங்குவதோ அதன்பின் நிகழ்வது. ஹைட்ரோவியூ வில்லை இரண்டாண்டு கழித்து மங்கியது. பனித்துகள் பத்தாண்டு கழித்துத் தோன்றின. அரசின் ஏடு மூடப்பட்டபின் தொடரும் அந்த நெடுங்காலத்திற்கு ஏடு எழுதுபவர் யார்? நோயாளியும் அவர் வீட்டாருமே.

சொல்லும் சீட்டும்

இவ்விடத்தில்தான் மருத்துவர் அல்லாத நமக்கும் கடமை வருகிறது. கல்வியையே கண்ணாக வைத்துப் பேசிய மரபில் வந்தவர் நாம். தமிழாசிரியர்க்கும் மாணவர்க்கும் இதில் செய்யத்தக்கன இரண்டு உண்டு.

முதலாவது, சொல். மங்கும் இடம் மூன்று. நம்மிடம் வழங்கும் சொல்லோ புரை என்னும் ஒன்றே. இயற்கை வில்லை மங்குவது கண்புரை. வில்லையைத் தாங்கும் பை மங்குவது பை மங்கல். பொருத்திய வில்லை மங்குவது வில்லை மங்கல். இம்மூன்றையும் அறிவியல் பாடத்தில் வேறுபடுத்திக் கற்பிப்பதும், கலைச்சொல் தொகுப்போர் இவற்றையோ இவற்றினும் சிறந்தவற்றையோ நிலைநாட்டுவதும் வேண்டப்படுகின்றன. படலமென்றும் காசமென்றும் இடமறிந்து பெயரிட்ட மொழிக்கு இது புதிய முயற்சியன்று. மலாயிலோ ஆங்கிலத்திலோ மருத்துவர் கூறுவதைப் பாட்டிக்குத் தமிழில் எடுத்துரைப்பவர் பெரும்பாலும் பள்ளியில் படிக்கும் பேரனோ பேத்தியோதான். அவர்களிடம் சொல் இல்லையெனில் மூன்றும் ஒன்றாகிப் போகும்.

இரண்டாவது, சீட்டு. செயற்கை வில்லை வரும் பெட்டியில் அதன் வகை, ஆற்றல், வரிசை எண் அச்சிட்ட ஒட்டுச்சீட்டுகள் இருக்கும். ஒன்று மருத்துவக் குறிப்பில் சேரும். மற்றொன்று நோயாளிக்குச் சிறு அட்டையாகத் தரப்படுவது வழக்கம். கைப்பையில் கசங்கி, இடம் மாறும்போது தொலைந்து போகும் அவ்வட்டை, பத்தாண்டு கழித்துப் பார்வை மங்கும் நாளில் விலைமதிப்பற்றதாகிறது. உள்ளே இருப்பது எந்த வில்லை, எந்தப் பொருளால் ஆனது, எப்போது வைத்தது என்னும் கேள்விகளுக்கு அதுவே விடை தரும். மங்கியது பையா வில்லையா என்று மருத்துவர் ஐயுறும்போது முதலில் துணைக்கு வருவதும் அதுவே. ஆகவே அடையாள அட்டையையும் பிறப்புப் பத்திரத்தையும் பாதுகாக்கும் உறையில் அதனையும் சேர்த்து வைப்பது நலம். அட்டை தரப்படவில்லையெனில் கேட்டுப் பெறுவதில் தவறில்லை.

"புரை திரும்பவும் வந்துவிட்டது" என்று பெரியவர் ஒருவர் கூறும்போது, வயதானால் அப்படித்தான் என்று நாம் வாளா இருந்துவிடல் ஆகாது. மங்கியது எந்த இடம் என்று பார்த்துச் சொல்லுமாறு மருத்துவரிடம் கேட்க வேண்டும். பை மங்கலெனில் சில நிமிட லேசர் ஒளியில் தெளிவு பிறக்கும். வில்லை மங்கலெனில் பையைத் திறக்குமுன் நின்று எண்ண வேண்டும். தஞ்சை மன்னரின் ஓவிய ஏட்டிலிருந்து செலாயாங்கின் கணினி ஏடு வரை எழுதி வைத்தோர் நமக்கு ஈட்டித் தந்த அறிவு இது. அதனை வீட்டு முதியோரின் காதில் தமிழில் சொல்லிச் சேர்ப்பது நம் பங்கு.